வெர்ப் அண்ணன் வேண்டாம் என்றபோது

கோயமுத்தூர் ஜில்லாவில் இங்கிலீஷ் டிக்‌ஷனரியைப் பார்த்துப் பயப்படாத ஒரே மனிதர் எங்கள் வெர்ப் அண்ணன்தான். டிக்‌ஷனரிதான் அவரைப் பார்த்துப் பயந்தது.

தொண்ணூறுகளில் சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில் ஆபீசில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். ஏற்றுமதிப் பிரிவு வரப்போகிறது, இங்கிலீஷ் தெரிந்தவர்தான் மேனேஜர் என்று பெரிய முதலாளி சொல்லிவைத்தார். அன்று அண்ணனுக்குப் பிடித்தது இங்கிலீஷ் பைத்தியம். சின்ன வினைச்சொல் எதுவும் அண்ணன் நாக்கில் ஏறாது; பெரிய பெரிய வெர்ப்தான் வரும், அதனால்தான் வெர்ப் அண்ணன்.

"கண்ணு, அந்தக் காத்தாடியக் கொஞ்சம் ஆக்டிவேட் பண்ணிப்போடு" என்பார். பன்னை டீயில் நனைத்தபடி, "பசிய மிட்டிகேட் பண்றேன். மிட்டிகேட்டுன்னா தணிக்கறது, மனசுல வெச்சுக்கோ" என்பார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. குமாஸ்தா நாற்காலியிலேயே ரிட்டயர் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை.

பெரிய முதலாளி படுத்த படுக்கையானார். அமெரிக்காவில் படித்த மகன் பொறுப்புக்கு வந்தார். அண்ணனைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, மேனேஜர் வேலையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார்.

எங்கள் பக்கம் விருந்தில் இனிப்பு வைக்க வந்தால் உடனே கையை நீட்டிவிடுவோமா? "வேண்டாமுங்க" என்போம். "அட, சாப்பிடுங்க" என்று வற்புறுத்திய பிறகுதான் வாங்கிக்கொள்வோம். அண்ணனும் கையைக் கட்டி நின்று, தெரிந்ததிலேயே மரியாதையான சொல்லை எடுத்தார்.

"ஐ ஹம்ப்ளி டிக்ளைன், சார்."

சொல்லிவிட்டு, வற்புறுத்தலுக்குக் காத்து நின்றார்.

"ஓகே" என்றார் சின்ன முதலாளி. அவருடைய மச்சான் மேனேஜரானார். மச்சானுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கம், கோ, கிவ். அமெரிக்காவில் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் முறை கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏனுங்ணா, டிக்ளைனுக்கு அர்த்தம் தெரியாதுங்களா?" என்று கத்தினேன்.

"தெரியுங் கண்ணு. வேண்டாங்கறது. இன்னொருக்கா கேப்பாருன்னு நெனச்சுப்போட்டேன்."

அதன்பிறகு அவர் வாயில் ஒரு இங்கிலீஷ் சொல்கூட வரவில்லை. அதே நாற்காலியில் ரிட்டயர் ஆனார். சால்வை போர்த்த வந்தது அந்த மச்சான். அதைப் பிடுங்கி வீசலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன் இரண்டு முறை "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

இன்றும் என் வீட்டுக்கு வருகிறவர் காபி வேண்டாம் என்றால் நான் விடுவதில்லை. இன்னொரு முறை கேட்பேன். அது அண்ணனுக்காக.