கை நனைக்காத விருந்தாளிகள்

உலகத்தில் எத்தனையோ நாடுகள் எத்தனையோ நாடுகளோடு விஞ்ஞான ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதையெல்லாம் கல்யாணப் பேச்சு என்றே நம்பி, நம்பியதோடு நிற்காமல் அப்படியே நடத்தியும் காட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். காரைக்குடியில் ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெற்றவர்கள் வைத்த பெயர் கதவுப் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. இயக்குநரிலிருந்து கேட் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'சம்பந்தி'தான்.

எங்களுடையது பன்னாட்டு ஒத்துழைப்புப் பிரிவு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூன்று மேஜை, ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கம் மட்டும் வீசும். நம் விஞ்ஞானிக்கு வெளிநாட்டு விஞ்ஞானியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஆசை வந்தால் அந்த ஆசையை டெல்லிக்கு எழுதுவோம். அங்கே அமைச்சகம் அந்த நாட்டு அரசாங்கத்தோடு பேசும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தம். நான் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்த முதல் நாள் கொரியாவிலிருந்து வந்த மின்னஞ்சலை அவரிடம் நீட்டினேன்.

"இதுல பொண்ணு வீடு யாரு?" என்றார்.

"சார்?"

"நாம போயிக் கேட்டோமா, அவுக வந்து கேக்குறாகளா?"

"அவங்கதான் சார் எழுதியிருக்காங்க."

"அப்பப் பொண்ணு வீடு நாமதேன். உடனே பதில் போட்டா எளக்காரமாப் போயிரும். மெதுவா அனுப்புத்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரசாங்கக் கடிதங்கள் தானாகத் தாமதமாவதைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். ஒருவர் முறைப்படி உட்கார்ந்து தாமதப்படுத்தியதை அன்றுதான் கண்டேன்.

சென்னையில் நல்ல வேலை கிடைத்த மறு நிமிஷம் கிளம்பிவிடுவது என்று அன்றே முடிவெடுத்தேன். யாரோடும் ஒட்டக் கூடாது என்று சாப்பாடுகூடத் தனி. தினமும் மதியம் அவர் தன் தூக்குச்சட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளுவார். "ஒரு வாய் சாப்பிடுத்தா." "வேண்டாம் சார்." "சரி சரி, இன்னும் மனசு முடிவாகல" என்று தானே சொல்லிக்கொண்டு தன் பக்கம் இழுத்துக்கொள்வார். கிறுக்கு மனிதர் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஒருமுறை வெளிநாட்டுக் குழு ஒன்று ராகு காலத்தில் கேட்டுக்கு வந்து சேர்ந்தது. சம்பந்தி ஓடிப்போய் வேனை மறித்தார். காவலாளியிடமிருந்து அடிப்பக்கம் பார்க்கும் கண்ணாடியைப் பிடுங்கி, வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, "இதுல கொஞ்சம் சதை போட்டிருக்கீக" என்று தமிழிலேயே குசலம் விசாரித்தார். உச்சி வெயில். ஒரு வெள்ளைக்காரர் தக்காளி மாதிரி சிவந்துவிட்டார்.

காணொலிக் கூட்டத்தில் நடந்தது இதைவிட அநியாயம். எங்கள் இயக்குநர் வணக்கம் சொல்லி வாயைத் திறக்கிறார், அந்தப் பக்கம் யாரோ தும்மினார். அவ்வளவுதான், படக்கென்று இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டார் சம்பந்தி! இயக்குநர் இருண்ட திரையைப் பார்த்து இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது, அக்கிரமம்!"

"நல்ல காரியம் பேசயில தும்முறாக, கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா? கரண்டு போயிருச்சுன்னு சொல்லு. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி ஆரம்பிப்போம்."

இப்படிப்பட்டவர் கையில்தான் கார்த்திகாவின் தலையெழுத்து சிக்கியது.

கார்த்திகா காளையார்கோவில் பெண். எங்கள் நிலையத்தில் ஆராய்ச்சியாளர். சோடியத்தை வைத்து மலிவான பேட்டரி செய்துகொண்டிருந்தாள். நன்றாக ஓடும் பேட்டரி திடீரென்று செத்துப்போகும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஓடும்போதே உள்ளே பார்க்க வேண்டும். அதற்கான பெரிய கருவி வட ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இருந்தது. இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பேசி, ஒருவழியாக அந்த நாட்டுக் குழு கையெழுத்துப் போடக் காரைக்குடிக்கே வருவதாயிற்று. கார்த்திகாவின் உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. இது நடக்காவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் வீண். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

வந்தார்கள். நரைத்த தலையோடு ஓர் உயரமான பேராசிரியை, கழுத்துப்பட்டை கட்டிய ஒரு வழக்கறிஞர். டெல்லி அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரி. காபி ஆயிற்று. கடைசி நேரத்தில் வழக்கறிஞர் ஒரு திருத்தத்தை நீட்டினார். பேட்டரிகளைக் கூரியரில் அனுப்பினால் போதும், ஆள் வரத் தேவையில்லை, சோதனையை அவர்களே செய்துகொள்வார்கள்.

கார்த்திகா என் கையைப் பிடித்தாள். "அக்கா, அது காத்துப் பட்டாலே கெட்டுப்போயிரும். கூட நான் போகணும். இல்லாட்டி ஒண்ணுமே தெரியாது."

டெல்லி அதிகாரிக்கு மதுரையில் விமானம் பிடிக்கும் அவசரம். "சின்ன விஷயம், சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்று எழுந்தார். எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போனோம். கதவில் பூட்டுத் தொங்கியது.

உள்ளே நாட்டுக்கோழிக் குழம்பும் உப்புக்கறியும் இலைக்குக் காத்திருந்தன. வாசனை கதவிடுக்கு வழியாக வந்து எல்லோர் மூக்கிலும் ஏறியது. சாவி சம்பந்தியின் இடுப்பில்.

"சார், உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாவியைக் குடுங்க!"

"சீரை மட்டும் அனுப்பு, பொண்ணு வேண்டாங்குறாக. அப்படிச் சொல்றவுக நம்ம வீட்டுல கை நனைக்கலாமாத்தா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போனால் காபி குடிப்பார்கள், சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவாயிற்று என்று அர்த்தம். அப்புறம் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அது சரி, அதை இரண்டு அரசாங்கங்கள் மேல் ஏவுவதா? டெல்லி அதிகாரியின் காது சிவந்தது. இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கர்த்தரே, இன்றோடு எங்கள் எல்லோருடைய வேலையும் போயிற்று என்று நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பேராசிரியை என்ன என்று கேட்டார். சம்பந்தி முன்னால் வந்தார்.

"மேடம், இன் அவர் பிளேஸ், ஈட்டிங் மீன்ஸ் ரிலேஷன் கன்ஃபர்ம். ஆஃப்டர் ஈட்டிங், நோ சேயிங் நோ. யூ ஈட், வீ செண்ட் கேர்ள். நோ கேர்ள், நோ ஈட்."

அந்த அம்மாள் அவரையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தப் பெண்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சம்பந்தி கார்த்திகாவைக் காட்டினார். அவளுக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. "நீ ஏன் வர வேண்டும்?" என்றார் பேராசிரியை.

முதலில் திக்கினாள். பிறகு பேசினாள் பாருங்கள்! காற்று, ஈரம், எந்த நிமிஷத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கொட்டித் தீர்த்தாள். பேராசிரியை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தங்கள் மொழியில் வழக்கறிஞரோடு ஏதோ பேசினார். பதிலுக்கு வழக்கறிஞரின் வயிறு உறுமியதை நாங்கள் அனைவரும் கேட்டோம்.

பேராசிரியை சம்பந்தியிடம் கையை நீட்டி, சாவியை வாங்கி, தானே கதவைத் திறந்தார். முதல் இலையில் உட்கார்ந்தார். கரண்டியை ஒதுக்கிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

"முடிஞ்சிருச்சு!" என்று கத்தினார் சம்பந்தி. "எல்லாரும் உக்காருங்க!"

டெல்லி அதிகாரி விமானத்தைத் தவறவிட்டார். சாயங்காலம்வரை போனில் மேலிடத்தோடு பேசி, 'ஆராய்ச்சியாளர் உடன் வருவார்' என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகே கையெழுத்தாயிற்று. போகும்போது சம்பந்திக்கு ஒரு மெமோவும் கொடுத்துவிட்டுப் போனார். விருந்தினரைப் பட்டினி போட்டதற்கு விளக்கம் தரவும். 'சமையல் முடியவில்லை' என்று சம்பந்தி எழுதிக்கொடுத்தார். சமையல்காரர் அதற்காக அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கார்த்திகாவைத் திருச்சி விமான நிலையத்தில் ஏற்றிவிட அவரும் வந்தார். "அவுக மெஷினை நம்ம மெஷினா நெனச்சுப் பதவிசாப் பாத்துக்கத்தா" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

மறு வாரம் சென்னையிலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. மதியம் தூக்குச்சட்டியைத் திறந்தவர், என் பக்கம் தள்ளவில்லை. ஒரு வாய் சாப்பிடு என்று சொல்லவும் இல்லை. குனிந்து பிசைந்துகொண்டிருந்தார்.

நான் என் டப்பாவை மூடினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் சட்டியில் கையை விட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு. உப்பு ரொம்பக் கூடுதல்.

"என்னத்தா, மனசு முடிவாயிருச்சா?" என்றார்.

வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டினேன்.