எதிர்க்கதவில் கொழுவிய இரண்டு சோகிகள்

சென் ஜேம்ஸ் ரவுண்,
12.10.1996

அன்புள்ள மச்சான் நீக்கிலாஸ்,

கடவுள் கிருபையால் இங்கு யாவும் சுகம், உம்முடைய அக்கா றீற்றாவின் முழங்காலையும் என்னுடைய மானத்தையும் தவிர. நீர் இருக்கும் அஜக்ஸ் தொலைபேசியில் பேசும் தூரம்தானே, அத்தான் ஏன் முத்திரை ஒட்டுகிறார் என்று யோசிப்பீர். தொலைபேசிக்கு நான் இப்போது பயம். காரணம் கீழே வரும்.

உம்முடைய தாயப் பெட்டியிலிருந்து, தாயம் உருட்டும் கடற்சோகிகள் இரண்டு எனக்கு உடனே வேண்டும். எதிர்க்கதவு ஒலுவோலே குடும்பம் மாதக் கடைசியில் விநிப்பெக்கில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போகிறது. அதற்குள் அந்த மனுஷனோடு சமாதானமாகாவிட்டால் இனி எனக்கு முகமில்லை.

ஒலுவோலேயை உமக்குத் தெரியும். நைஜீரியாக்காரர், பின்னேரங்களில் என்னுடன் டாம் விளையாடுபவர். றீற்றாவுக்கு முழங்கால் வெட்டியபோது சூப் கொண்டுவந்த ஃபோலாக்கேயின் கணவர். போன மாதம் கீழ் மண்டபத்தில் முதியோர் ஒன்றுகூடலில் என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். காலமெல்லாம் படிப்பித்தவனுக்கு 'ஏதாவது' போதும். 'செய்தி வளர்ந்த வரலாறு' என்று தலைப்பு வைத்து, பலகையில் ஓர் ஏணி கீறினேன். மேற்படியில் ஃபக்ஸ், அதன் கீழே தொலைபேசி, தந்தி, கடிதம், அடிப்படியில் ஒரு மேளம். உதாரணம் இல்லாமல் எனக்குப் பாடம் வராது. "உதாரணமாக, எங்கள் ஒலுவோலேயின் ஆட்கள் பாவம், மேளம் தட்டியே காலத்தை ஓட்டினார்கள்" என்று அவரையே கைகாட்டினேன். சபை சிரித்தது. அவர் எழுந்து, "மாஸ்டர், அந்த மேளம் எங்கள் மொழியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பேசும். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். உங்கள் ஃபக்ஸ் கூப்பிடுமா?" என்று கேட்டார். "கேள்விகள் கடைசியில்" என்றேன். கடைசியில் அவர் இருக்கவில்லை.

டாம் பலகை சும்மா கிடந்தது. பிறகொரு காலை எங்கள் கதவுப் பிடியில் ஒரு நூல் தொங்கியது. அதில் இரண்டு சோகிகள், வாயோடு வாய் ஒட்டியபடி. கடிதம் இல்லை, பெயர் இல்லை. அவரைத் தவிர யாரிடம் சோகி இருக்கப்போகிறது? பாவம், தாயம் விளையாட ஆசைப்படுகிறார், ஆனால் கட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன். தாயத்தில் வாய் மேலே பார்த்தால்தானே எண்ணிக்கை! கொப்பி திருத்துவதுபோல அவிழ்த்து, முதுகோடு முதுகு வைத்து, வாய்கள் வெளியே தெரிய இறுக்கிக் கட்டி, அவருடைய கதவிலேயே கொழுவிவிட்டேன். எனக்கு நானே பத்துக்குப் பத்துப் போட்டுக்கொண்டேன்.

அதன்பின் லிப்டில் கண்டால், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்ப்பார். நான் குளிரைப் பற்றிச் சொல்வேன். அவர் இறங்கிவிடுவார்.

போன சனிக்கிழமை றீற்றா லோன்றி அறையிலிருந்து உடுப்புக் கூடையோடு வந்தாள்.

"இஞ்சை பாருங்கோ, அந்தச் சோகி என்னெண்டு தெரியுமோ?"

"தாயம் விளையாட."

"தாயமும் மண்ணாங்கட்டியும்! அது அவையின்ரை ஊர்க் கடிதமாம். ஃபோலாக்கே இப்பதான் சொன்னவ. வாய்ப் பக்கம்தான் அதின்ரை முகம். முகத்தோடை முகம் கட்டினால், கோபமில்லை, வாரும் சந்திப்பம் எண்டு அர்த்தமாம். முதுகோடை முதுகு கட்டினால், உமக்கும் எனக்கும் இனி ஒண்டுமில்லை எண்டு அர்த்தமாம். நீங்கள் எப்பிடிக் கட்டினனீங்கள்?"

நான் கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"உங்கடை ஏணியிலை இது எந்தப் படி, மாஸ்டர்?"

மச்சான், நாங்கள் மட்டும் என்ன? உம்முடைய மகளின் கலியாணக் கார்ட் தபாலில் வந்ததற்கு, நேரில் வந்து சொல்லவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் நான். கார்ட்டில் இல்லாத ஒரு செய்தி ஆள் நடந்து வருவதில் இருக்கிறது என்று அன்று தெரிந்திருந்தது. ஏணி கீறும்போது மறந்துபோனேன்.

அடுத்த நாள் றீற்றா பூசைக்குப் போயிருந்த நேரம், மன்னிப்புக் கேட்கத் தொலைபேசி எடுத்தேன். ஆன்சரிங் மெஷின் பிடித்தது. முன்னுரை இல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை என்பது உமக்குத் தெரியும். முதலில் சுகம் விசாரித்து, காலநிலை சொல்லி, "உங்கள் ஆட்களுக்கு மேளத்தைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னேன்" என்பதுவரை வந்தேன். 'அது தவறு' என்று சொல்லுமுன் பீப் என்று வெட்டிவிட்டது. திரும்ப எடுத்து வேகமாகச் சொன்னேன். அதே இடத்தில் வெட்டியது. ஆக, என் அவமரியாதை இப்போது அந்தப் பெட்டிக்குள் இரண்டு பிரதி இருக்கிறது. அன்றிலிருந்து அவர் லிப்டைக் கைவிட்டு மாடிப்படியால் போகிறார்.

ஆகவே சோகி. முகத்தோடு முகம் கட்டி நானே கொழுவ வேண்டும். ஆண்டவர் உம்முடைய பிள்ளைகளையும், 401 நெடுஞ்சாலையில் ஓடும் உம்முடைய காரையும் காப்பாராக.

வெட்கத்துடன்,
உம்முடைய அத்தான்,
அலெக்ஸாண்டர்

பி.கு.: சோகி அனுப்ப வேண்டாம். உறை ஒட்டுமுன் உம்முடைய அக்கா இதை வாசித்துவிட்டாள். சமையலறை லாச்சியைத் திறந்து அதே நூலை மேசையில் வைத்தாள், என் கட்டு அவிழாமல். தந்த பொருளை நான் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நினைத்து, நான் கொழுவிய கையோடேயே அவருடைய கதவிலிருந்து கழற்றி வந்துவிட்டாளாம். ஒலுவோலே அதைக் காணவே இல்லை. மனுஷன் என் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"ஒரு கிழமை வெக்கப்படட்டும் எண்டு விட்டன். அது கிடக்க, உந்த மெஷினிலை என்ன சொன்னனீங்கள்?"

ஆக, அவருக்குப் போய்ச் சேர்ந்த ஒரே பதில் அதுதான். சோகிகளை முகத்தோடு முகம் கட்டியாயிற்று. கொழுவிவிட்டு ஓடி வரப் போவதில்லை. கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டப் போறன் மச்சான், முன்னுரை இல்லாமல்.