ஓட்டைக் காலுறையும் பத்து அடையாளங்களும்

மனுஷனுக்கு வீட்டில் மரியாதை இல்லை, சரி, தொலையட்டும். ஆனால் நாற்பதாயிரம் பேர் கூடும் அந்த இணையத் தொழில்நுட்பக் குழுவுக்கு அவர்தான் காவலர். செய்தி வேஷத்தில் எந்த விளம்பரம் நுழைந்தாலும் மோப்பம் பிடித்துத் தூக்கி எறிவார். 'விளம்பரத்தைக் கண்டுபிடிக்கப் பத்து அடையாளங்கள்' என்று பட்டியல் எழுதிக் குழுவின் வாசலிலேயே மாட்டியிருந்தார். அடியில் ஒரு வரி: 'காவலரே எழுதினாலும் விலக்கில்லை.' சம்பளம் கிடையாது. ஒன்பது வருஷமாக அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

போன மாதம் 'மாடிவாசி' என்று ஒருவர், வீடு கூட்டும் ரோபோவைப் பற்றி எழுதினார். அதன் குறையைக்கூட ஒளிக்கவில்லை. சோபாவுக்கு அடியிலிருந்து அது இழுத்து வந்த ஓட்டைக் காலுறையின் படம் வேறு. காவலர் உருகிப் போனார். "செய்தின்னா இது!" என்று முகப்பில் ஏற்றினார். அதோடு விட்டாரா? மாடிவாசியைத் துணைக் காவலராகவும் ஆக்கிவிட்டார்.

இன்று காலை அலமாரியைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே காலுறை. கட்டைவிரல் பக்கம் அதே ஓட்டை.

"இது எங்கே கிடைச்சுது?"

"சோபாவுக்கு அடியில. ரோபோதான் இழுத்துட்டு வந்துச்சு," என்றாள் மனைவி.

"நம்ம வீட்டுல ஏது ரோபோ?"

"ரெண்டு மாசமா உங்க காலைத்தான் சுத்திக்கிட்டிருக்கு. நீங்க கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிர்ந்தாத்தானே!"

"அப்போ மாடிவாசி..."

"நான்தான். அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதறேன்னு எத்தனை தடவை சொன்னேன்? 'உம், உம்'னீங்க. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வேலையையே நிரந்தரமாக்கினாங்க."

"பத்து அடையாளத்துல ஒண்ணுகூட மாட்டலையேடி!"

"எப்படி மாட்டும்? பட்டியலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாத் தவிர்த்து எழுதினேன். ரொம்ப உபயோகமா இருந்துச்சுங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன்."

காவலர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பொய் இல்லாத மூலை ஒன்றாவது உலகத்தில் இருக்கட்டும் என்றுதானே இத்தனை வருஷம் கண் எரியக் காவல் காத்தார்? இன்னும் எத்தனை மாடிவாசிகளுக்குத் தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டாரோ! இனி எதை நம்புவது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் ஒப்புக்கிட்டு விலகப் போறேன்," என்றார்.

"எழுதுங்க, யார் வேண்டாம்னா?" என்று போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

எழுதினார். ரோபோவின் பெயர், மனைவி, காலுறை, தன் மடத்தனம், எதையும் மறைக்கவில்லை. ஆயுசில் அவர் எழுதியதிலேயே நேர்மையான பதிவு அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் அறிவிப்பு வந்தது.

"நான்காம் அடையாளம்: ஒரே பொருளின் பெயர் மூன்று முறை வந்துள்ளது. விளம்பரம் என்பதால் உங்கள் பதிவு நீக்கப்பட்டது. காவலரே எழுதினாலும் விலக்கில்லை. இப்படிக்கு, துணைக் காவலர் மாடிவாசி."