மாலை போட்ட தண்ணீர்ப்பாம்பும் ஆடாத தலைப்பிரட்டைகளும்

இதை எனக்கு முதலில் சொன்னது விளக்குப் பூஜைக்கு வரும் கோமதியக்கா. என் இளையவள் பிரசவத்துக்கு வந்திருந்த மார்கழியில் சொன்னாள்.

ஒரு காட்டில் ஒரு மழைக்குட்டை. அதில் தலைப்பிரட்டைகள் கூட்டமாக இருந்தன. தண்ணீர் வற்றுமுன் கால் முளைத்துக் கரையேற வேண்டும். இல்லாவிட்டால் சேற்றோடு சேறுதான். அவற்றில் முத்துப்பேச்சி என்பவளுக்கு ராப்பகலாக அதே கவலை.

பிழைக்கும் வழி அவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் வேட்டையாடும் தட்டான் புழு வந்தால் ஆடக்கூடாது. அசைவதைத்தான் அது கவ்வும். பாம்பு வந்தால் சிதறி ஓட வேண்டும். கடிபட்டவர்களின் வாடை தண்ணீரில் பரவினால் ஆபத்து நிஜம் என்று அர்த்தம்.

ஒருநாள் தண்ணீர்ப்பாம்பு கழுத்தில் மாலையோடு வந்தது.

"பயப்படாதீங்க தாயி, விரதத்துல இருக்கேன், அசைவம் தொடமாட்டேன். தட்டான் புழு தொல்லைதான் இப்ப பெருத்துப்போச்சு. காவலுக்கு நான் இருக்கேன்."

மாலை போட்டவரைச் சந்தேகப்பட்டால் பாவமாச்சே! மைக் வாங்கிக் கொடுத்துப் பாதுகாப்பு அதிகாரியாக்கினார்கள்.

விடிந்தால் மைக் அலறும்: "தட்டான் புழு வருது! யாரும் ஆடாதீங்க!" எல்லாரும் கண்ணை மூடிக் கல்லாகக் கிடப்பார்கள். பாம்பு நிதானமாக நாலைந்து பேரை விழுங்கும். வாடை பரவும்.

"வாடை வருதா இல்லையா? நான் சொன்னது சரிதானே?"

"சரிதாங்க சாமி" என்று இன்னும் ஒடுங்கிப் படுப்பார்கள்.

ஆடாமல் கிடந்தால் பாசி தின்பது எப்படி? தின்னாமல் கால் வருவது எப்படி? பசி பொறுக்காத முத்துப்பேச்சி, பாம்பு அந்தக் கோடியில் இருக்கும் நேரம் பார்த்து நழுவிப்போய்த் தின்றாள். கால்கள் எட்டிப் பார்த்தன. குட்டை முழுக்கச் சுற்றியும் ஒரு தட்டான் புழு இல்லை.

"அடியே பூரணி, நம்மளத் தின்கிறதே அந்தப் பாம்புச் சாமிதான்டி! ஓடி வாடி!" என்று தங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்படிச் சொல்லாதக்கா, வாய் அவிஞ்சிடும். ஆடாம இரு, புழு வந்துரும்." பூரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

முத்துப்பேச்சி அழுதுகொண்டே கரையேறினாள்.

தண்ணீர் வற்றும் நாளில் பாம்புக்குப் பாராட்டு விழா. இந்த வருஷம் தட்டான் புழுவால் ஓர் உயிர்கூடப் போகவில்லையாம். வரவேற்புரை பூரணி, மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். பாம்பு அவள் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தது.

நீதி: ஆபத்தை அறிவிக்கும் வேலை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், சாப்பாடும் அதிலேயே அடக்கம்.

கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்று: மழைக்குட்டையைக் கண்டால் வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டுங்கள். உள்ளே பிள்ளைகள் இருக்கும்.