நான் கழற்றிய வாஷர்

என் மனைவியை எப்படியாவது வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று சபதம் எடுத்தேன். கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நான் தையல்காரன். கடையும் வீடும் ஒன்றுதான். முன்பெல்லாம் சாயங்காலமானால் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். வாய் ஊர்க்கதை பேசும், கை தன் வேலையைப் பார்க்கும். அதைக் கேட்டுக்கொண்டே மிதித்தால் மெஷினுக்கு எண்ணெயே வேண்டாம். பிறகு யாரோ புண்ணியவான்கள் வந்தார்கள். தண்ணீர், கழிப்பறை வேலைகளையெல்லாம் பெண்களே முன்னால் நின்று நடத்தணும், அதற்குப் பயிற்சி தருகிறோம் என்றார்கள். "போயிட்டு வாயேன்" என்று நானே அனுப்பினேன். தவளை தன் வாயால் கெட்டது.

போனவள் தண்ணீர்க் கமிட்டித் தலைவியாகத் திரும்பினாள். இப்போது சாயங்காலமானால் தொட்டி கழுவியாச்சா, பொதுக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியா இருக்கா, கூட்டத்துக்கு யார் வரலை, இதுதான் பேச்சு. அதுவும் என்னிடம் இல்லை. ஆம்பிளைக்குச் சக்களத்தி கிடையாது என்று எவன் சொன்னான்? எனக்கு இருக்கிறாள். தெருக்கோடியில் நாலு கால் ஊன்றி நிற்கிறாள், தண்ணீர்த் தொட்டி.

பொத்தான் இல்லாத சட்டைகள் குவிந்தன. அது போகட்டும், நானே தைத்துக்கொள்வேன். அந்தக் குரல் இல்லாமல் பொழுது போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கிப் போய்விட்டேன்.

எதிர்வீட்டு அக்காவும் கமிட்டியில் இருக்கிறார். அவரிடம் நைசாக விசாரித்தேன்.

"அக்கா, தெருக்குழாய் கெட்டா யாரு வந்து பாப்பாங்க?"

"உங்க வீட்டம்மாதான். தலைவியாச்சே!"

"உடனே வருவாளா?"

"போட்டது போட்டபடி வருவாங்க. ஆனா புகார் சொன்னவங்கதான் ஸ்பேனரைப் பிடிக்கணும். தலைவி சொல்லிக் குடுப்பாங்க. கமிட்டிச் சட்டம்."

"பக்கத்துல நின்னா?"

"பின்ன, பஸ்ஸுல உக்காந்துகிட்டா சொல்லிக் குடுப்பாங்க? ஏன் தம்பி, மூஞ்சி இப்படி மலருது?"

மறுநாள் தண்ணீர் விடாத நேரமாகப் பார்த்து, கடை வாசல் குழாயைத் திருகி உள்ளே இருந்த வாஷரை உருவினேன். சாயங்காலம் தண்ணீர் விட்டார்கள். மூடிய குழாய் திறந்த குழாயாகக் கொட்டியது. புகார் கொடுக்க ஓடினேன்.

தோளில் சாமான் பையோடு வந்தாள்.

"யாரு புகார்?"

"நான்தான்!"

"நீங்களா? வீட்டுல விசிறி சுத்தலைன்னாகூட திரும்பிப் பாக்க மாட்டீங்களே!"

"பொதுச் சொத்தாச்சேம்மா."

"அடடா! சரி, பிடிங்க. இடப்பக்கம் திருப்புங்க. ஏங்க, அது வலது."

என் கைமேல் கை வைத்துத் திருப்பினாள். தலைமுடியில் பிளீச்சிங் பவுடர் வாசம். அதுவும் அவ்வளவு மணக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டாள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த வாரம் குழாய் இணைப்பைத் தளர்த்தினேன். வந்தாள். அதற்கடுத்து வால்வு. வந்தாள். ஒருநாள் கழிப்பறைக் குழாயில் துணி அடைத்தேன். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை.

நேற்று மறுபடியும் வாஷர். இந்தத் தடவை அவள் பையைத் திறக்கவில்லை. ஸ்பேனரை என்னிடம் நீட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்களே பண்ணுங்க, பாப்போம்."

பண்ணினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! என்னை அவள் அப்படிப் பார்த்து எத்தனை காலமாச்சு! இனி சாயங்காலமெல்லாம் என் பக்கம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அப்ப நான் நிம்மதியாக் கிளம்பலாம்" என்றாள்.

"எங்கே?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பொம்பளைங்களுக்குப் பயிற்சி குடுக்கக் கூப்பிட்டாங்க. இந்தத் தெருவைப் பாத்துக்க ஆள் இல்லைன்னுதான் தள்ளிப் போட்டுகிட்டே இருந்தேன். இனிமே புகார் வந்தா நீங்க போங்க. கமிட்டியில சொல்லிட்டேன். மூணு மாசம் அங்கேயே தங்கணும், அவ்வளவுதாங்க."

"மூணு மாசமா! ஐயோ, அதெல்லாம் நான்தான் கழட்டினேன்டி! உன் கூடப் பேசணும்னு ஆசையில!"

"தெரியும். தேஞ்ச வாஷர்னா ஒழுகும். காணாமப் போன வாஷர்தான் கொட்டும். முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

அவள் என் கையிலிருந்த அழுக்கைத் தன் முந்தானையால் துடைத்தாள். கண் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

"எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அதுவும் இல்லாம, பயிற்சிக்கு வாங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"