ரேமுக்கு வைத்த பொட்டு

வீடியோ பார்த்து ஒரு மனிதன் எதையாவது கற்றுக்கொண்டுவிட்டான் என்றால், அவன் வீட்டில் ஏதோ ஒரு பொருளுக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் குழாய்க்கு ஒருமுறை, மின்விசிறிக்கு ஒருமுறை அந்த நேரம் வந்து போயிருக்கிறது. இரண்டும் ஒரு வழியாகப் பிழைத்துக்கொண்டன. (குழாய் இன்றும் லேசாக அழும்.) அடுத்து என் கையில் மாட்டியது உமாவின் மடிக்கணினி.

உமா என் மனைவி. கும்பகோணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள். எனக்கு இங்கே சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்ததும், தன் வேலையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி என்னோடு புக்கிட் பாஞ்சாங்குக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து பாலர் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டேயிருந்தாள். பதில் மின்னஞ்சல் நன்றி சொல்லி ஆரம்பித்தால் மூடிவிடுவாள். "வேலை குடுக்கிறவங்க எதுக்குங்க எடுத்ததும் நன்றி சொல்லப் போறாங்க?" என்பாள். அதில் கோபம் இருக்காது. அதனாலேயே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்படியிருக்கையில் ஒரு பள்ளி அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இணையம் வழியாகப் பத்து நிமிடம் ஒரு தமிழ்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எதிரே ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். உமா விலங்குகளை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு படமாக வரைந்து, யானை நடந்து வருவதுபோல, குரங்கு குதிப்பதுபோலச் செய்து மடிக்கணினியில் சேர்த்தாள். துவைக்கும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். அதற்குள் என் சட்டைகள் சுற்றிச் சுற்றித் தமிழ் கற்றுக்கொண்டிருந்தன.

பிரச்சினை மடிக்கணினிதான். அவளுடைய யானை தும்பிக்கையைத் தூக்கினால், இறக்குவதற்குள் நாம் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிடலாம். வீடியோ அழைப்பு என்றால் கேட்கவே வேண்டாம். பாதி வாய் திறந்தபடி முகம் உறைந்துவிடும்.

"புதுசு ஒண்ணு வாங்கிரலாமாங்க?" என்றாள்.

"எதுக்கு? ரேம்ங்கிறது மேசை மாதிரி. மேசை சின்னதா இருக்கு. உள்ள இருக்கிற டிஸ்க் பீரோ மாதிரி. பீரோ மெதுவா திறக்குது. மேசையப் பெருசாக்கிட்டு, பீரோவ எஸ்.எஸ்.டி.யா மாத்திட்டா குதிரை மாதிரி ஓடும். செலவும் கம்மி."

"சரி. நேர்காணல் முடிஞ்சதும் மாத்துங்களேன்."

நியாயமான பேச்சு. ஆனால் மூன்று வீடியோ பார்த்தவனுக்கு நியாயம் காதில் விழாது. எதிர் வீட்டுச் செல்வம் இதையே வேறு மாதிரி சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேருந்து ஓட்டுநர். "பிரதர், கை வைக்காதீங்க லா. நாளைக்கு டிரிப்ப வச்சுக்கிட்டு இன்னைக்கு எவனாச்சும் இன்ஜின கழட்டுவானா?" செல்வம் வாயைத் திறந்தால் எனக்குத் திருவிழா. அந்த வாக்கியத்தை அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லி ரசித்தேன். கேட்டு நடக்கத்தான் தோன்றவில்லை.

சனிக்கிழமை ரயில் ஏறி லிட்டில் இந்தியா போனேன். மறுநாள் ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், பொரி, பூ எல்லாம் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் பழைய கணினிச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரச் சீனப் பெரியவர் நான் கொண்டுபோன மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரி ஓல்டு லா. பட் கேன்."

ரொம்பப் பழசுதான், ஆனாலும் முடியும்: இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது. என்னையே பார்த்துச் சொன்னதுபோல நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவரிடமே ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் வாங்கினேன். அவர் மாட்டித் தருகிறேன் என்றார். அதற்குத் தனிக் கூலி. நான் நாகரிகமாகச் சிரித்து மறுத்துவிட்டேன்.

அன்று மாலையே பழைய டிஸ்க்கில் இருந்த யானை, குரங்கு எல்லாவற்றையும் ஒயர் வழியாகப் புதியதற்கு நகல் எடுத்தேன். அது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. (கேடு அங்கேதான் பிடித்தது. தைரியம் வந்துவிட்டது.)

ஞாயிற்றுக்கிழமை பூஜை. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. குளிர்சாதனப் பெட்டி, அரிசி வேகவைக்கும் பாத்திரம், துவைக்கும் இயந்திரம், பேருந்து அட்டை வரைக்கும். விதிவிலக்கு, சாம்பிராணி போட்டால் கூச்சல் போடும், கூரையில் மாட்டிய புகை எச்சரிக்கைக் கருவி மட்டும்தான். ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் பார்த்த உமா, "சாமி முன்னாடி வச்சு எடுத்துட்டு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள்.

வைத்து எடு என்றுதான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடம்பில் ஊறும் மின்சாரம் ரேமைப் பொசுக்கிவிடும் என்று வீடியோவில் பயமுறுத்தியிருந்தார்கள். ஆகவே பாலியஸ்டர் சட்டையைக் கழற்றி, பருத்தி வேட்டி கட்டி, தரையில் சம்மணம் போட்டு, நிமிடத்துக்கொரு தரம் சன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த உமா, "என்ன, ஹோமம் பண்றீங்களா?" என்றாள். அவ்வளவு ஜாக்கிரதை.

பிறகு ரேமைக் கையில் எடுத்தேன். விரல் நீளப் பச்சைப் பட்டை. அதன் அடி விளிம்பில், பட்டுப்புடவைக்கு ஜரிகை வைத்ததுபோலப் பொன்னிறத்தில் வரிசையாகக் கோடுகள். வேறெங்கு பார்த்தாலும் கறுப்புச் சில்லு, எழுத்து, ஸ்டிக்கர். பொட்டு வைக்கத் தோதான மங்களகரமான இடம் அந்தப் பொன் விளிம்பு ஒன்றுதான். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று இடத்தில் தாராளமாக வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். மடிக்கணினியைத் திறந்தால் உள்ளே பழைய ரேம் தனியாக உட்கார்ந்திருந்தது. புதுசுக்கு மட்டும் வைத்தால் பழசு மனம் நோகாதா? அதையும் கழற்றி அதற்கும் வைத்தேன். (இவ்வளவு பரந்த மனசு மனிதர்களிடம் எனக்கு இருந்ததில்லை.) இரண்டையும் அதனதன் பள்ளத்தில் அழுத்திச் செருகினேன். எஸ்.எஸ்.டி.யையும் மாட்டி மூடினேன். கற்பூரம் காட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

பீப், என்றது.

"பாரு, பேசுது!" என்றேன்.

பீப். பீப். திரை இருட்டாகவே இருந்தது. புதுசு பழகிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகும் என்று விளக்கினேன். உமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணினியின் விசிறி சூடாகச் சுற்ற ஆரம்பித்தது. அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க இது, கோயில் வாசனை வருது?"

"பூஜை பண்ணோம்ல."

"இல்ல, இதுக்குள்ளேர்ந்து வருது." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொட்டு எங்க வச்சீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் பழைய மடிக்கணினியே திறந்திருக்கும்.

மின்சாரம் பாய்கிற இடமே அந்தப் பொன் விளிம்புதான் என்று அப்புறம்தான் உறைத்தது. ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் கரைந்து பள்ளத்தின் பற்களுக்குள் இன்னும் நன்றாக இறங்கியது. கடைக்காரருக்குப் போன் போட்டால், திங்கட்கிழமை மதியம் கொண்டுவா என்றார். நேர்காணலோ திங்கட்கிழமை காலை. அலுவலகத்தில் எனக்கு மேசைக் கணினிதான், வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. செல்வத்திடம் ஓடினேன். அவர் வீட்டில் எல்லாருக்கும் போன் மட்டும்தான். ஆனாலும் பார்க்க வந்தார். குனிந்து, மோந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"பிரதர், எங்க அண்ணன் லாரிக்கும் பூஜை போடுவாரு. எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியிலதான் வைப்பாரு. இன்ஜின் ஆயில்ல பிழிய மாட்டாரு லா."

நான் சிரிக்கவில்லை. உமாவும் சிரிக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. மூடிய மடிக்கணினி மேல் கையை வைத்துக்கொண்டு, "யானை உள்ள மாட்டிக்கிச்சு" என்று மட்டும் சொன்னாள். அத்தனை நாள் வரைந்ததை அவள் ஒருமுறைகூட என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. குழம்பு ஊற்றி எனக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன், துணைக்கு. "துணைன்னா சமையலறையில இருங்க. எதையும் தொடாதீங்க" என்றாள். தன் போனை அரிசிப் பாத்திரத்தில் சாய்த்து வைத்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். திரையில் பள்ளிக்காரர்கள் மூன்று பேர். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். படம் எதுவும் இல்லாமல் யானையை எப்படிக் கொண்டுவரப் போகிறாளோ?

அவள் யானையைக் கூப்பிடவேயில்லை.

"பிள்ளைங்களா, இன்னைக்கு ரெண்டு வார்த்தை கத்துக்கப் போறோம். ஒண்ணு வெளியே. இன்னொண்ணு உள்ளே. நமக்குச் சொல்லிக் குடுக்க ஒருத்தர் வந்திருக்காரு. கம்ப்யூட்டர் மாமா! கம்ப்யூட்டர் மாமா, வாங்க!"

யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் நானும் எட்டிப் பார்த்தேன். (வீட்டில் வேறு யாரும் இல்லை.)

முந்தின நாள் வேட்டியோடு, பனியனோடு மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் போய் நின்றேன். உமா என் வயிற்றில் விரலால் அழுத்தி, "ஆன் பண்ணியாச்சு" என்றாள். சந்தனத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தாள். "பொட்டு எங்கே? வெளியே! வெளியே வச்சா மாமா எப்படி இருப்பாரு?" நான் இளித்தேன். "ஆனா ஒருத்தர், ரொம்ப நல்லவர், ரொம்பப் பாசம், என்ன பண்ணாரு தெரியுமா? ஆ காட்டுங்க மாமா. உள்ளே வச்சாரு!" நாக்கில் சந்தனம். கசப்பு. "உள்ளே வச்சா மாமா என்ன சொல்லுவாரு?"

அவள் கண்ணைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு உயிரோடு அவளை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இத்தனை நாளாக இதைத்தான் அந்தத் துவைக்கும் இயந்திரம் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்ததா?

"பீப்" என்றேன்.

போனுக்குள் ஓர் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். நடுவில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிஸஸ் உமா, அந்த ஒருத்தர் நெசமாவே இருக்காரா?" என்று கேட்டார்.

"இவருதாங்க. நேத்துதான் வச்சாரு."

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து போன் வந்தது. போனை வைத்துவிட்டு உமா நேராகப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை. மடிக்கணினியையும் கடைக்காரர் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். எதற்காக வாசம் வருகிறது என்று கேட்டார், எனக்கு ஆங்கிலம் வரவில்லை என்பதுபோல நின்றேன். இப்போது அது குதிரையாக ஓடுகிறது. யானைகூட ஓடுகிறது.

ஆனால் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அவள் நடத்தும் முதல் பாடம் உள்ளே, வெளியேதான். என் படம் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறதாம்.

போன மாதம் ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவோடு வந்த ஒரு குட்டிப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கிட்டே வந்து, ஒன்றும் பேசாமல் என் வயிற்றில் விரலை வைத்து அழுத்தினாள். "சாரி அங்கிள்!" என்று அம்மா பதறி எழுந்தார். பக்கத்து மேசைகள் திரும்பின. அந்தப் பிள்ளை யாரையும் கவனிக்காமல் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். உமா டீச்சர் சொன்னது நிஜமா, பொய்யா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, கடைக்கே கேட்கும்படி "பீப்" என்றேன்.