காலி வேனின் பசி

போகும்போது முப்பத்தைந்து சதவீதம், வரும்போது ஐம்பத்தைந்து. அல்சூரில் பேக்கரி நடத்தும் தியோடருக்குப் புரியாத கணக்கு இதுதான். அதே எலெக்ட்ரிக் வேன், அதே ஆனேக்கல் ரோடு, அதே முப்பத்தெட்டு கிலோமீட்டர். கேக்குகளைச் சுமந்துகொண்டு, கிரீம் உருகாமலிருக்க ஏசியும் போட்டுக்கொண்டு போகும்போது வேன் பேட்டரி சார்ஜை அளவாகத்தான் சாப்பிட்டது. காலியாகத் திரும்பும்போது விழுங்கித் தள்ளியது.

"லோடு இல்லாம வந்தா சார்ஜ் மிச்சமாகணுமில்ல, மௌரீன்?"

"ஆகணும்தான்," என்றாள் மனைவி, ஒரு கேக்கில் பெயர் எழுதிக்கொண்டே.

வேன் கம்பெனி ஐந்து நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தது. பழைய டீசல் வண்டியின் உதறலில் கிரீம் ரோஜாக்கள் உதிர்ந்துபோக, "இன்னொரு வாட்டி இப்படி வந்துச்சுன்னா வேற பேக்கரி பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டார் ஆனேக்கல் கோவிந்தப்பா. அவருடைய மூன்று கடைகளை நம்பித்தான் இங்கே இரண்டாவது ஓவனே ஓடுகிறது.

புது வேனில் ஒரு ரோஜாகூட உதிரவில்லை. ஆனால் ஆனேக்கல் போய் வந்தபின் ஈஜிபுரா சப்ளைக்கு இருபத்தைந்து சதவீதமாவது வேண்டும். மிஞ்சியதோ பத்து.

இரண்டாம் நாள் திரும்பும்போது ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தார். மேம்பாலத்தில் தொப்பி பறந்துபோனது. மிச்சம் எட்டு.

"வண்டி எப்பவும் காத்தைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். ஜன்னலைத் திறந்தா அது உள்ள பூந்து பின்னால இழுக்குது," என்று விளக்கினார்.

"தொப்பியைப் பிடுங்கற காத்தா? அப்படி எங்க பறந்து போனீங்க?"

அது அவர் காதில் விழவில்லை. அடுத்த யோசனையில் இருந்தார்.

"பிரேக் போட்டா மோட்டாரே டைனமோவா மாறி பேட்டரிக்குக் கரண்ட் தருது. கனம் கூடினா அதுவும் கூடும். அப்போ வரும்போதும் லோடு வேணும்!"

மூன்றாம் நாள் ஆறு மூட்டை மைதா ஏற்றி வந்தார். அல்சூர் ஏரியை நெருங்கும்போது டாஷ்போர்டில், சார்ஜ் தீரப்போகிறது என்று காட்டும் ஆமைப் படம் எரிந்தது. மிச்சம் நான்கு.

"பிரேக்ல கொஞ்சம் தருது, நின்ன வண்டியைக் கிளப்பறதுக்கு நிறைய வாங்கிக்குது," என்றார் சோர்வாக. "ஆமை வேற காட்டுது."

"நல்ல பிராணிதாங்க. அதுகிட்டயும் கொஞ்சம் கத்துக்கலாம்."

"கிண்டல் பண்ணாத. நாளையோட முடிச்சு, வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம். கோவிந்தப்பா போனா போகட்டும்." சொல்லும்போது குரல் தேய்ந்தது.

மௌரீன் இரண்டாவது ஓவனைத் துடைக்கப் போனாள்.

நான்காம் நாள் ஆனேக்கலில் டப்பாக்களைத் திறந்த கோவிந்தப்பா சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏனு சார், என்ன இது? ஆஞ்சலான்னு ஒரு பொண்ணுக்கு ஒரே கேக்தானே கேட்டேன்? ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு சரி. இன்னொண்ணுல பாருங்க, 'ஹாப்பி பர்த்டே ஆஞ்சநேயா'!"

இருபது வருடத்தில் மௌரீன் ஒரு பெயரையும் தப்பாக எழுதியதில்லை. தியோடர் அந்தக் கேக்கை முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் மாட்டித் திரும்பினார்.

கடை வாசலில் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். முப்பது!

"மௌரீன்! முந்நூறு கிலோ மைதாவால ஆகாதது ஒரு கிலோ கேக்கால ஆயிருக்கு! இந்தக் கேக்ல அப்படி என்ன போட்ட?"

மௌரீன் சீட் பெல்ட்டைக் கழற்றி, குலையாத ஆஞ்சநேயா கேக்கைக் கையில் எடுத்தாள்.

"கேக்ல ஒண்ணுமில்லைங்க. வண்டியில கேக் இருந்தா நாப்பதுல ஓட்டுறீங்க, இறக்கினதும் எண்பதுல பறக்குறீங்க; அதான் வேணும்னே பேரைத் தப்பா எழுதி ஒண்ணு கூடுதலா வச்சேன். வேனை வாங்கிடுங்க, தினம் வரும்போதும் முன்சீட்ல ஒரு கேக் இருக்கும்."